லாரன்ஸ் தேயரின் முதுகு

லாரன்ஸ் தேயர் என்று சினிமாவுக்காகப் பெயர் வைத்துக்கொண்ட லோனி டாக்கெட், காமிராவுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பான். அதே இடத்தில் அவனுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனவன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் டெல்மர். விளக்கு எங்கே விழவேண்டும், மூக்கு நிழல் எந்தக் கன்னத்தில் சாயவேண்டும், தொப்பி விளிம்பு கண்ணை மறைக்கிறதா என்பதையெல்லாம் டெல்மரை நிறுத்தி வைத்துத்தான் சரிபார்ப்போம். உதவியாள் ஒருவன் காமிராவிலிருந்து அளவு நாடாவை இழுத்து அவன் மூக்கு நுனி வரைக்கும் பிடித்துப் பார்ப்பான். எல்லாம் முடிந்ததும் ‘பதிலாள் போகலாம்’ என்று யாராவது கத்துவார்கள். தரையில் சாக்கட்டியால் போட்ட குறியை விட்டு டெல்மர் இறங்கிப் போவான். லோனி வந்து அந்தக் குறியில் காலை வைப்பான்.

நான் ஆக்ஸெல், விளக்குக்காரன். கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட பலகைப் பாலத்தில் உட்கார்ந்து ஆர்க் விளக்குக்குக் கரித்துண்டு மாற்றுவது என் வேலை. விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். பொறி தெறித்து என் கால்சட்டையெல்லாம் மிளகு தூவின மாதிரி ஓட்டை. மேலேயிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே உயரம், ஒரே மணல்நிற முடி, ஒரே தோள். அண்ணன் ஐந்து வயது மூத்தவன் என்பது கிட்டத்தில் வந்தால்தான் தெரியும்.

கல்வர் சிட்டியில் ஸ்டுடியோவின் பின்வேலியை ஒட்டி எங்கள் தெரு. அதற்கு அப்பால் கடல்வரைக்கும் வெள்ளை மொச்சைக் காடு. செப்டம்பரில் மொச்சை அடிக்கிறபோது தூசு வந்து வீட்டுக்குள் விழும், ஐந்தாறு நாளைக்குத் தெருவே தும்மிக்கொண்டிருக்கும். தச்சர்கள், சுண்ணாம்பு பூசுகிறவர்கள், தையல்காரிகள், படத்துக்கு ஓட்டுகிற கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இவர்கள்தான் அங்கே குடியிருந்தார்கள். படத்தில் முகம் தெரிந்தவன் எங்கள் தெருவில் ஒருத்தன்கூடக் கிடையாது. டெல்மர் வீடும் என் வீடும் ஒரே வேலி.

டாக்கெட் சகோதரர்கள் ஆர்க்கன்சாவிலிருந்து வந்தவர்கள். பருத்தி எடுப்பு முடிந்து ஜனங்கள் கையில் கொஞ்சம் ஓய்வு வருகிற காலத்தில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நாடகம் நடத்துகிற ஒரு கூட்டத்தில் டெல்மர் நடித்துக்கொண்டிருந்தான். கிழவன் வேஷம், வில்லன் வேஷம், பாதிரியார் வேஷம், எதைக் கொடுத்தாலும் செய்வான். லோனி ட்ரக் ஓட்டுவான், முளை அடிப்பான். பேசும் படம் வந்த புதிதில், குரல் உள்ள ஆட்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு டெல்மர் பெண்டாட்டி ஐவாவையும் தம்பியையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்தான்.

சோதனைப் பதிவு நடந்த அன்றைக்கு நானும் இருந்தேன். ஒலிவாங்கியை ஒரு பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். டெல்மர் கூடாரத்தின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகினவன். அவன் வாயைத் திறந்ததும் ஒலிப்பதிவு அறையில் சத்தத்தை அளக்கிற முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மெதுவாகப் பேசு என்றார்கள். மெதுவாகப் பேசினால் அவனுக்கு வசனமே மறந்துபோயிற்று. அடுத்து ஒரு பெண்ணுக்குச் சோதனை. அவளுக்குப் பதில் வசனம் படிக்க ஆள் இல்லை. ஆணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்த லோனியைக் கூப்பிட்டு, ‘தம்பி, இதைச் சும்மா படி’ என்றார்கள். அவன் சும்மாதான் படித்தான். வாயில் பாதி ஆப்பிள். ஒலிப்பதிவு அறையிலிருந்து ஓர் ஆள் எழுந்து வெளியே வந்து, யார் அது என்று கேட்டான்.

அண்ணனுக்கும் வேலை கொடுத்தால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று லோனி பிடிவாதமாக நின்றான். நடிப்பு வேலை என்றுதான் அவன் நினைத்தது. அவர்கள் கொடுத்தது பதிலாள் வேலை. அதற்குப் பிறகு பத்து வருஷம், விருந்திலும் பேட்டியிலும் லோனி இந்தக் கதையைப் பாசத்தோடு சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் டெல்மர் மீன்முள் மாட்டின மாதிரி எச்சிலை விழுங்குவான்.

அவனுக்குத் தம்பியின் வசனம் அத்தனையும் மனப்பாடம். குறியில் நிற்கிறபோது உதடு அசையும். சாயங்காலம் வேலி ஓரத்தில் நின்று, இதை எப்படிப் பேசியிருக்கவேண்டும் தெரியுமா என்று எனக்கு நடித்துக் காட்டுவான். உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் அவனை நான் பெரிய நடிகன் என்று நினைத்ததில்லை. கை அதிகம். துக்கம் என்றால் நெஞ்சில் ஒரு கை, நெற்றியில் ஒரு கை. லோனிக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு பேசாமல் நிற்பான், ஜனங்கள் அவன் என்னவோ நினைக்கிறான் என்று நம்புவார்கள்.

ஐவா உடைப் பகுதியில் தையல்காரி. லோனிக்கு ஒரு கோட்டு தைத்தால் டெல்மருக்கும் அதே துணியில் அதே வெட்டில் இன்னொன்று தைக்கவேண்டும், விளக்கு பார்ப்பதற்காக. இரண்டையும் அவள்தான் தைப்பாள். லோனியின் தோளை அளக்கிறதும் அவள்தான். இது போதாதா டெல்மருக்கு? ஒருநாள் லோனி சொன்ன ஏதோ வேடிக்கையை நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பன்றித்தொடை எலும்பு போட்டு மொச்சையை அடுப்பில் வைத்துவிட்டு, அந்த வேடிக்கையை அவனுக்கும் சொன்னாள். டெல்மர் சிரிக்கவில்லை. லோனி அதைச் சொல்லும்போது அளவு டேப் எங்கே இருந்தது என்று கேட்டான்.

“டேப் என் கையிலதான் இருந்துச்சு. உன் புத்திதான் எங்கயோ கெடக்கு,” என்றாள் ஐவா. சோள ரொட்டியை அவன் முன்னால் வைத்த வேகத்தில் அது இரண்டாகப் பிளந்தது. அவளுக்கு மறைத்துப் பேச வராது. அப்புறம் என்னிடமும் சொன்னாள், இந்த மனுஷனுக்கு என்மேல சந்தேகம்கூட இல்லை ஆக்ஸெல், என்னையும் தம்பிகிட்ட இழந்துட்டோமோன்னு ஒரு கணக்கு, அவ்வளவுதான் என்று.

1938இல் லோனி ஒரு குடியானவன் படத்தில் நடித்தான். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த ஏழைக் குடியானவன். இயக்குநர் ஹாலரன், அயர்லாந்துக்காரன், வாயில் சிகரெட் இல்லாமல் அவனைப் பார்த்தவர் இல்லை. ஸ்டுடியோவின் பின்வெளியில் தானியக் கொட்டகை ஒன்றைக் கட்டி, மூன்று வாரமாகக் குழாயால் மழை பெய்யவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். மார்ச் தொடங்கியதும் நிஜ மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. பலோனா ஓடை கரை தெரியாமல் போனது. பாலங்கள் போயின, மலைப்பாதைகள் சரிந்தன. மொச்சைக் காடு முழுக்கக் கடலாகக் கிடந்தது. எங்கள் தெருவில் கோழிக்கூடு ஒன்று மிதந்து போனது, உள்ளே கோழிகளோடு.

மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. வானம் ஈயத்தகடு மாதிரி. ஹாலரன் முழங்கால் பூட்ஸோடு பின்வெளிக்கு நடந்து போய்ப் பார்த்தான். கொட்டகையைச் சுற்றி நிஜச் சேறு, நிஜத் தண்ணீர், அதன்மேல் அந்த வெளிச்சம். மறுநாள் வெயில் வந்தால் எல்லாம் போய்விடும். லோனியோ டொபாங்கா மலைமேல் தன் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். பாதை அறுந்துபோய், தொலைபேசியும் இல்லை. மகனைப் புதைத்துவிட்டு வருகிற தகப்பன் கொட்டகை வாசலில் நின்று அழுகிற காட்சி எடுக்கவேண்டும். கிட்டத்தில் முகம் என்றுதான் எழுதியிருந்தது. ஹாலரன் டெல்மரைக் கூப்பிட்டனுப்பினான்.

மின்சாரம் போய்விட்டிருந்ததால் ட்ரக்கில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டுபோய் இரண்டு விளக்கு மட்டும் போட்டேன். ஐவா அந்தக் குடியானவக் கோட்டைக் கொண்டுவந்து அவனுக்கு மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்தாள். ஹாலரன் சொன்னது இவ்வளவுதான்.

“மூஞ்சி எனக்கு வேணாம். கையையும் ஆட்டாத. நடந்து போய்க் கதவுகிட்ட நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பாத.”

டெல்மர் நடந்தான். பாதி வழியில் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு காலிலிருந்து கழன்றுவிட்டது. திரும்பி எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் கம்பளிச் சாக்ஸோடு போய்க் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தான். திறக்கவில்லை. சும்மா நின்றான். கொஞ்ச நேரம் போனதும் வலதுபக்கத் தோள் ஓர் அங்குலம் இறங்கியது. கழுத்தின் பின்புறம் சிவந்துகொண்டே வந்தது. பிறகு, ஈ உட்கார்ந்த குதிரைத் தோல் சிலிர்க்குமே, அந்த மாதிரி முதுகு ஒரு தரம் நடுங்கி நின்றது. அவ்வளவுதான். ஹாலரன் நிறுத்தச் சொல்லவே இல்லை. காமிராவில் ஃபிலிம் தீர்ந்துபோய் அதுவே நின்றது.

டெல்மர் திரும்பி வந்து சேற்றைக் கிளறித் தன் பூட்ஸைத் தேடி எடுத்தான். சரியாக இருந்ததா என்று கேட்டான். இருந்தது என்று சொல்லிவிட்டு ஹாலரன் வேறுபக்கம் பார்த்துச் சிகரெட் பற்றவைத்தான். ஐவா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவனை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

பதினைந்து நாள் கழித்து ஸ்டுடியோ திரையறையில் அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். டெல்மர் வெளியே கதவருகில் நின்றான். தம்பி வந்து ஒரு வார்த்தை சொல்லுவான் என்று எதிர்பார்த்தான். லோனி வெளியே வந்தான், அண்ணனைப் பார்த்தான், முகம் வெளுத்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டான்.

இலையுதிர்காலத்தில் படம் வந்தது. கொட்டகை வாசல் காட்சி போகிற இடமெல்லாம் பேச்சானது. முகத்தைக் காட்டாமல் நாட்டையே அழவைத்த நடிகர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. காலில் பூட்ஸ் இல்லாததை ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டி இன்னொன்று எழுதியது. பிள்ளையை இழந்த தாய்மார்கள் லோனிக்குச் சாக்குச் சாக்காகக் கடிதம் போட்டார்கள். டெல்மர் எல்லாப் பத்திரிகையையும் வாங்கினான். வாசிக்கிறபோது அவன் பல் கடிக்கிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் லோனியின் பேட்டி. கேட்கவேண்டாம் என்று ஐவா சொன்னாள், டெல்மர் கேட்டே ஆகவேண்டும் என்றான். பேட்டி எடுத்தவள் குழைந்து குழைந்து அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டாள். அந்த நேரத்தில் மனதில் என்ன நினைத்துக்கொண்டீர்கள்?

“எங்கப்பாவ நெனச்சேன்,” என்றான் லோனி. “எங்கம்மா செத்த அன்னைக்கு அவரு கொட்டகை வாசல்ல அப்படித்தான் நின்னாரு.”

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தான். ரேடியோவை நிறுத்த எழுந்த ஐவாவைக் கையால் தடுத்து, முடிகிறவரைக்கும் கேட்டான். “அப்ப அவனுக்கு நாலு வயசு,” என்றான் கடைசியில். தொழிலைத்தான் தம்பி எடுத்துக்கொண்டான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். இப்போது அப்பனையும் எடுத்துக்கொண்டுவிட்டான்.

அந்த வாரம் முடிதிருத்துகிற கடையில் டெல்மர் வாயைத் திறந்தான். அந்த முதுகு என்னுடையது என்றான். கடைக்காரன் கத்தரியை நிறுத்தவில்லை. “போன வாரம் இதே நாற்காலியில ஒருத்தன், அந்தப் படத்துல வர்ற குதிரையே நான்தான்னு சொன்னான்,” என்றான். கடை முழுக்கச் சிரித்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆமாம், அவன்தான், நான் விளக்குப் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டுடியோவில் விளம்பரம் பார்க்கிற ஆள், இதைப் பற்றி வெளியே பேசுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தான். எனக்கு வீட்டுக்குப் போக விருப்பமில்லை. டெல்மர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

சனவரியில் அடுத்த படம் தொடங்கியது. டெல்மர் வழக்கம்போல ஏழு மணிக்குப் போனபோது சாக்கட்டிக் குறியில் வேறொருத்தன் நின்றுகொண்டிருந்தான். பசடீனாக்காரப் பையன், நல்ல உயரம். விசாரித்ததற்கு, தேயர் அவர்களே வேறு பதிலாள் கேட்டிருக்கிறார் என்றார்கள். டெல்மர் வீட்டுக்கு வந்து சமையலறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நான் மத்தியானம் சாப்பிட வந்தபோதும் அப்படியே இருந்தான். அவனைக் கொன்றுவிடுவேன் என்று ஒரே ஒரு தரம், ரொம்ப அமைதியாகச் சொன்னான். எனக்குப் பயமாகிவிட்டது.

ஐவா அன்றைக்கு உடைப் பகுதியில் லோனிக்கு அளவு பார்க்கவேண்டியிருந்தது. வாயில் குண்டூசிகளோடு அவன் முன்னால் மண்டிபோட்டு, கால்சட்டை மடிப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டாளாம், ஏன் இப்படிச் செய்தாய் என்று. முதலில் ஸ்டுடியோவின் முடிவு என்றானாம். அவள் ஓர் ஊசியை மடிப்பில் குத்தாமல் கணுக்காலில் குத்தியிருக்கிறாள். அப்புறம்தான் உண்மை வந்தது.

சாயங்காலம் அவள் வந்து சொல்கிறபோது நான் டெல்மர் பக்கத்தில்தான் இருந்தேன், அவனை விட்டுப்போக மனமில்லாமல்.

“பொறாமையாம்,” என்றாள் ஐவா. “உன்மேல. அண்ணன் நின்னுட்டுப் போன எடத்துல என்னால போய் நிக்க முடியல ஐவாங்கிறான். விளக்குக்காரன்லேர்ந்து தச்சன் வரைக்கும் நெசமான ஆளு எறங்கிப் போயிட்டான், இவன் எதுக்கு வர்றான்னு பாக்கிற மாதிரி இருக்காம். பத்து வருஷமா நான் மூஞ்சியக் காட்டி வாங்கினத அவன் முதுகக் காட்டி ஒரு நிமிஷத்துல வாங்கிட்டான், எனக்கு எரியுதுன்னான். சொல்லிட்டு அழுதான்.”

டெல்மர் அவள் பக்கம் திரும்பினான்.

“இன்னொரு தடவ சொல்லு.”

அவள் சொன்னாள்.

“எரியுதுன்னா சொன்னான்? அந்த வார்த்தையா?”

“அந்த வார்த்தைதான்.”

“அழுதானா?”

“மூக்கு ஒழுக அழுதான். என் டேப்புல தொடைச்சான்.”

டெல்மர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். முகம் இளகி, பத்து வயது குறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான். இரண்டு தட்டு மொச்சை சாப்பிட்டான். இடையிடையே, கார் வைத்திருக்கிறான், மலைமேல் வீடு வைத்திருக்கிறான், அவனுக்கு எரிகிறதாம் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஐவாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலை போனதற்கு ஆத்திரப்படுவான், அல்லது தம்பிக்காக இரக்கப்படுவான் என்று நினைத்தாள். “ரெண்டும் ஒரே துணியில வெட்டினது,” என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு போனாள்.

டெல்மர் மொச்சைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். யுத்தம் வந்ததும் விமானத் தொழிற்சாலையில் ஆணி அடித்தான். அந்த வருஷங்களில் அவன் தம்பியைப் பற்றி ஒரு பொல்லாத வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு லோனி பன்றித்தொடை ஒன்று அனுப்புவான், டெல்மர் நன்றி எழுதிப் போடுவான். நேரில் பார்த்துக்கொள்வதில்லை.

நான் லோனியின் படங்களுக்குத் தொடர்ந்து விளக்குப் பிடித்தேன். ஒவ்வொரு படத்திலும் அவன் ஒரு காட்சி கேட்டு வாங்குவான், முதுகைக் காட்டி நிற்பதற்கு. கதவருகில் நின்றான், சன்னலருகில் நின்றான், கப்பல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு படத்தில் தூக்குமேடைக்குப் பக்கத்தில் நின்றான். நன்றாகத்தான் நிற்பான். ஆனால் முதுகில் ஒன்றும் நடக்காது. தோளை வேண்டுமென்று இறக்குவது தெரியும். விமரிசகர்கள் முதலில் மரியாதையாக இருந்தார்கள். பிறகு, தேயர் தன்னைத் தானே காப்பி அடிக்கிறார் என்று எழுத ஆரம்பித்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு லோனி படப்பிடிப்புக்கு வரவில்லை. காப்பி அடித்தது உண்மைதான், தன்னை இல்லை என்பது அவனுக்கும் எங்களுக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷத்தில் அவன் மார்க்கெட் இறங்கிவிட்டது. பெரிய வேஷங்களெல்லாம் சின்னப் பையன்களுக்குப் போயின. அவனுக்கு ஒரு சின்னப் படம் கிடைத்தது, ரயில் நிலைய அதிகாரி ஒருவனின் கதை. போரில் செத்த மகனின் பெட்டி வந்து இறங்குகிற காட்சி அதில் வருகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு மத்தியானம், அவன் எங்கள் தெருவுக்கு வந்தான். நான் ஐவாவின் இஸ்திரிப்பெட்டிக்கு வயர் மாற்றிக்கொண்டு அவர்கள் சமையலறையில் இருந்தேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம் வருகிறவனை ஐவா ஒன்றும் கேட்காமல் உட்காரவைத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டு மோர் ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் அப்படித்தான் சாப்பிடுவார்கள். லோனி அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டான். தலை பாதி நரைத்திருந்தது. டெல்மர் எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே,” என்றான் லோனி. “அன்னைக்கு அத நீ எப்படிச் செஞ்சே?”

“நீதான் ரேடியோவுல சொன்னியே. அப்பாவ நெனச்சேன்னு.”

லோனி தலையைக் குனிந்துகொண்டான். “அது எனக்குப் பாத்ததும் தோணினது. பொய்யின்னு நெனச்சுச் சொல்லல. அந்தத் திரையறையில அப்பாவேதான் நின்னாரு. நீ அவரத்தான் செஞ்சேன்னு நெனச்சேன். எனக்கும் அவருதானே அப்பா, எனக்கு ஏன் வரலேன்னுதான்...”

“அப்பா அன்னைக்கு அழல.” டெல்மர் மெதுவாகச் சொன்னான். “மூணு நாளா யாரும் கழுதைக்குத் தீனி வைக்கலேன்னு கொட்டகைக்குப் போனாரு. தாழ்ப்பாள் துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னாரு. நான் போயிச் சுத்தியல் எடுத்தாந்து குடுத்தேன்.”

“அப்ப நீ யார நெனச்ச? செத்த புள்ளையவா?”

டெல்மர் என்னைப் பார்த்தான், ஐவாவைப் பார்த்தான். போகச் சொல்லுவான் என்று நான் வயரைக் கீழே வைத்தேன். சொல்லவில்லை.

“ஒன்னத்தான் நெனச்சேன்,” என்றான். “சேத்துல நடக்கும்போதே, பத்து வருஷத்துல முதல் தடவையா என்மேல ஃபிலிம் ஓடுதுன்னு நெனச்சேன். பூட்ஸ் கழண்டிச்சு. எடுக்கத் திரும்பினா நிறுத்திடுவான், இன்னொரு தடவ குடுப்பானோ மாட்டானோன்னு பயம், போயிட்டே இருந்தேன். கதவுல கைய வெச்சதும் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு மழை நிக்கும், பாதையச் சரி பண்ணிடுவாங்க, நீ எறங்கி வந்துடுவே. நான் நிக்கிற இந்த நிப்பும் ஒன்னோடதா ஆயிடும். அந்த மலை சரிஞ்சு ஒன் வீட்டு மேல விழுந்தா என்னன்னு நெனச்சேன். அம்மா எங்கிட்ட ஒப்படைச்ச புள்ளையப் பத்தி அப்படி நெனச்சேன். அப்பத்தான் ஒடம்பு நடுங்கிச்சு.”

ஐவா வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே தகப்பனின் துக்கம் என்று அழுதது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லோனி கரண்டியைத் தம்ளரில் போட்டுத் தள்ளிவைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

“எங்கிட்டயும் அது இருக்கு அண்ணே,” என்றான். “நெறையவே இருக்கு.”

“தெரியும். ஐவா சொன்னா.”

“அத வெச்சுக்கிட்டு நான் புள்ளைய நெனக்கப் பாக்கறேன், நாய நெனக்கப் பாக்கறேன், ஒண்ணும் வரல.”

“எப்படி வரும்? எனக்குப் புள்ளையும் இல்ல, ஒனக்கும் இல்ல.” டெல்மர் எழுந்து தம்பியின் தம்ளரை எடுத்து இன்னொரு கரண்டி ரொட்டி போட்டான். “கெடக்கிறத எடுத்துக்கிட்டுப் போய் நில்லு. என்னைய நெனச்சுக்க.”

அன்றைக்கு லோனி பொழுது சாய்கிறவரைக்கும் இருந்தான். கூடார நாடகத்து ஆட்களைப் பற்றிப் பேசிப் பேசி இரண்டு பேரும் சிரித்தார்கள். போகும்போது டெல்மர் கார்வரைக்கும் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் ரயில்நிலையக் காட்சி எடுத்தார்கள். நான் மேலே இருந்தேன். லோனி நடைமேடையின் ஓரத்துக்குப் போய், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். தோளை இறக்கவில்லை. எதுவுமே செய்யவில்லை. நான் கரித்துண்டை மாற்ற மறந்து விளக்கு மங்கியது, யாரும் திட்டவில்லை. அந்தப் புது இயக்குநர் சின்ன வயசுக்காரன், அவனுக்கு நடந்தது புரியவில்லை. எங்களில் பழைய ஆட்களுக்குப் புரிந்தது.

படம் அதிகம் ஓடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வாரம்தான் போட்டார்கள். ஐவாவும் டெல்மரும் நானும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். கொட்டகையில் இருபது பேர் இருக்கும். ரயில் வந்தது, பெட்டியை இறக்கினார்கள், லோனி ஓரத்துக்குப் போய் நின்றான். எனக்கு முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை பையைத் திறந்து கைக்குட்டை தேடினாள். ஐவா விசும்பினாள். நான் டெல்மரைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. படம் முடிந்து வெளியே வந்தோம். நல்ல வெயில். எதிர்க்கடையில் காபி குடிக்கலாம் என்றேன். நீங்கள் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு டெல்மர் தெருவைக் கடந்து தனியாக வீட்டுக்கு நடந்து போனான்.

அதற்குப் பிறகு அவன் தம்பியின் பெயரை எடுப்பதில்லை. லோனி இரண்டு தரம் மளிகைக்கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டான். பையன் ஓடிவந்து சொன்னான். டெல்மர் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தவன், நான் இல்லை என்று சொல் என்றான்.

பத்து நாள் கழித்து லோனி ஸ்டுடியோவில் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். பாலத்திலிருந்து ஏணி வழியாக நான் இறங்கி முடிகிறவரைக்கும் கீழேயே காத்திருந்தான். அண்ணன் படத்தைப் பார்த்தானா என்று கேட்டான். பார்த்தான் என்றேன். என்ன சொன்னான் என்றான். ஒன்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான், சாப்பாடும் சரியில்லை, ஐவாவோடும் சண்டை என்று உள்ளதைச் சொன்னேன். வருத்தப்படுவான் என்றுதான் நினைத்தேன்.

லோனி ஏணியில் சாய்ந்துகொண்டான். பதினெட்டு வருஷத்தில் பத்திரிகைக்காரர்கள் எழுதிய எதைப் படிக்கும்போதும் அவன் முகத்தில் நான் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

“அப்ப நல்லாத்தான் வந்திருக்கு,” என்றான்.